பாலம் தாண்டாதவர்

இடது காலில் ஷூ ஏறிவிட்டது. வலது கால்தான் முரண்டு பிடித்தது. லூர்துராணி அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினாள். பாதம் இன்னும் முழுதாகச் சில்லிட்டுப் போகவில்லை. அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

"சீக்கிரம்க்கா. உடம்பு வெறைச்சுப் போச்சுன்னா கார்ல உக்கார வைக்க முடியாது" என்றான் அருள்நாதன். அவள் தம்பி, பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. அப்பாவின் கழுத்தில் மப்ளரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தான். அவன் கை ஓரிடத்தில் நிற்கவில்லை.

வாசலில் டாக்சி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக வந்த டாக்சி. ராத்திரி முழுக்க அற்புதசாமிக்கு வாந்தியும் பேதியும். விடிந்ததும் விடியாததுமாக லூர்துராணி பக்கத்து வீட்டு ஆளை அனுப்பித் தம்பியை வண்டியோடு வரச் சொல்லியிருந்தாள். வண்டி வந்தது, அப்பாதான் காத்திருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இருதயக் கோளாறு பழைய கதை, பேதி புதுக் கதை. இரண்டில் எது கொண்டுபோயிற்று என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் டாக்டருக்குப் படிக்கவில்லை.

வேறு மாதமாக இருந்தால் வாய்விட்டு அழுதிருப்பார்கள். கோயிலில் துக்க மணி அடிக்கச் சொல்லி, பெட்டிக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். இது வைகுண்ட ஏகாதசி சமயம். ஸ்ரீரங்கத்துக்கு ஜனம் ஆறாக வந்துகொண்டிருந்தது. காலரா ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களைக் காவிரிப் பாலத்திலேயே மடக்கி ஊசி குத்தினார்கள். அவர்கள் இருந்த திருவானைக்காவல் தெருக்களிலும் தமுக்கடித்துச் சொல்லியாயிற்று. வாந்திபேதி கண்டு யார் செத்தாலும் சுகாதார ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், பிணம் பாலம் தாண்டக் கூடாது, ஆற்றங்கரை இடுகாட்டில் சுண்ணாம்பு கொட்டி அன்றைக்கே புதைத்துவிட வேண்டும். பெட்டி, பூசை, கூட்டம் எதுவும் கிடையாது.

அம்மாவின் கல்லறை பாலத்துக்கு அந்தப் பக்கம், திருச்சியில் இருந்தது. அம்மாவை அடக்கம் செய்த வாரமே பக்கத்து இடத்தையும் தனக்கென்று எழுதி வாங்கிவிட்டார் அற்புதசாமி. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போய், அந்தக் காலி இடத்தில் முளைத்த புல்லைத் தன் கையாலேயே பிடுங்குவார். கப்பல் வந்து கட்டுவதற்கு ஒதுக்கிய இடத்தைத் துறைமுகத்தில் பெர்த் என்பார்களாம். "இது என் பெர்த்" என்பார்.

அருள்நாதனின் யோசனை எளிமையானது. ஆஸ்பத்திரிக்கென்று பிடித்த வண்டி. ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரியே போய்விடுவது. பாலத்தைத் தாண்டிவிட்டால் அப்பா மகன் வீட்டில் செத்தவர், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று வேறு சொன்னான். கூட வந்திருந்த மச்சான் அடைக்கலராஜை அப்போதே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான், சாமியாரிடம் சொல்லவும், பெட்டி வாங்கவும், அம்மா பக்கத்தில் குழி வெட்டச் சொல்லவும்.

லூர்துராணி சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வாய் வேறு எதற்கு?

கொல்லைப்பக்கம் பால்காரி வள்ளிக்கண்ணு குரல் கொடுத்தாள். செம்பை நீட்டும்போது வழக்கம்போல அவளே ஒப்பித்தாள்: "எங்க வீட்ல யாருக்கும் காச்சல் இல்ல டீச்சரம்மா, ஐயாகிட்ட சொல்லிடுங்க." இந்தத் தெருவில் பால் ஊற்றுவதற்குமுன் வாக்குமூலம் கொடுக்க வேண்டிய ஒரே வீடு இதுதான். லூர்துராணி தலையை ஆட்டிக் கதவைச் சாத்தினாள். முந்தானையைக் கடித்து அழுகையை உள்ளே தள்ளினாள். நாற்பது வருஷம் கூடவே இருந்த அப்பா செத்துக் கிடக்கிறார், மகள் சத்தமில்லாமல் பால் செம்பைக் கழுவி வைக்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அற்புதசாமியிடம் ஒரு தும்மலை மறைக்க முடியாது என்று பினாங்குத் துறைமுகத்தில் பேச்சுண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே சுகாதாரப் படகில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நாகப்பட்டினத்திலிருந்து தோட்டக் கூலிகளை ஏற்றி வரும் கப்பல் வெளியிலேயே நங்கூரம் போட்டு, சோதனை முடியும்வரை மஞ்சள் கொடி ஏற்றி நிற்கும். கொடி இறங்கும்வரை ஒரு கயிறு துறையைத் தொடக் கூடாது, ஒரு படகு நெருங்கக் கூடாது, ஒரு மாலுமியின் கால் கரையில் படக் கூடாது. சாம்பலைத் தண்ணீரில் கொட்டினால் அபராதம். குடித்துவிட்டுத் துறையில் தள்ளாடினால் கொட்டடி. இந்தச் சட்டங்களை அவர் வேதத்துக்கு அடுத்தபடியாக மதித்தார். ஊர் திரும்பிய பிறகு சட்டத்துக்குக் கப்பல் கிடைக்காததால் குடும்பத்தின் மேல் போட்டார். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர் வாளி. எட்டு மணிக்கு அடுப்பு அணைந்தாக வேண்டும். தலைவலி என்றாலும் உள்ளே வருமுன் சொல்லிவிட்டு வர வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்றிருந்தது. கப்பலில் நோயாளியோ பிணமோ இருந்தால் காப்டன் கேட்காமலே சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துச் சொன்னால் அது கப்பலுக்கே கேவலம்.

அதற்கு அவர் சொல்கிற கதை ஒன்று, வீட்டில் எல்லோருக்கும் வெறுத்துப் போன கதை. ஒரு கப்பலில், மேல்தளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த கூலி ஜனங்களில் ஒருத்தி மடியில் குழந்தையைப் போர்த்தி வைத்திருந்தாள். தூங்குகிறது என்றாள். அற்புதசாமி குனிந்து போர்வைக்கடியில் கையை விட்டு உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். முகம் ஏமாற்றும், உள்ளங்கால் ஏமாற்றாது என்பார். அந்தத் தாய் அவர் முகத்தையே பார்த்தாளாம். குழந்தையைக் கரையில் மண்ணுக்குள் வைக்க வேண்டுமென்றுதான் கடலில் போட விடாமல் இரண்டு நாளாக மறைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர் நிமிர்ந்து சொல்ல வேண்டியதைச் சொன்னார். கப்பல் முழுவதையும் தனித்தீவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் பார்த்தால் குழந்தைக்கு வெறும் காய்ச்சல், தொற்றே இல்லை.

அன்று ராத்திரி அம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டு, "பாக்காத மாதிரி போயிருக்கலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் அம்மா அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை லூர்துராணி பார்த்ததில்லை. அவரும் அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்தவில்லை. யாரையோ ஒப்புக்கொள்ள வைக்கப் பார்ப்பவர்போலத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டாக்சி டிரைவர் சின்னையா நல்ல மனுஷர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. தூக்க ஓடி வந்தார். வெளி ஆள் தொட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று அருள்நாதன் தடுத்தான். அந்தக் காலையில் அவன் சொன்ன ஒரே உண்மை அது. பின்சீட்டில் லூர்துராணி உட்கார, அப்பாவை அவள்மேல் சாய்த்தார்கள். தொப்பி, மப்ளர், கோட்டு, ஷூ. ஈஸ்டர் பூசைக்குக் கிளம்பியவர்போல இருந்தார். தலை அவள் தோளில் சரிந்தது. உயிரோடிருந்த காலத்தில் அவர் அவள்மேல் சாய்ந்ததே இல்லை.

"பெரியவர் அசந்துட்டாரு. குலுங்காமப் போறேன் டீச்சர்" என்றார் சின்னையா.

குலுங்காமல்தான் போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்தி, இறக்கி, ஏற்றினார். முன்சீட்டில் அருள்நாதன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தான். எதிரே பஜனை பாடிக்கொண்டு ஜனம். கட்டுச்சோற்று மூட்டைகளும் தோளில் குழந்தைகளுமாகப் பாலத்துப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு குழந்தை அப்பாவின் தொப்பியைப் பார்த்துச் சிரித்தது. இந்தக் கூட்டத்துக்கு நடுவே எதை மடியில் வைத்துக்கொண்டு போகிறோம் என்று அப்போதுதான் லூர்துராணிக்கு உறைத்தது. இருதயமாகத்தான் இருக்கும், இருதயமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜெபம்போலச் சொல்லிக்கொண்டாள்.

மாம்பழச்சாலையில், பாலம் தொடங்குகிற இடத்தில் கீற்றுப் பந்தல் போட்டு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட இளவயது இன்ஸ்பெக்டர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். நெஞ்சு வலி, பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அருள்நாதன் முந்திக்கொண்டு சொன்னான். இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே பார்த்தார். லூர்துராணி அப்பாவின் மப்ளரைச் சரிசெய்தாள். அப்பாவாக இருந்தால் இந்நேரம் கை ஷூவைக் கழற்றியிருக்கும்.

"தைரியமா இருங்க பெரியவரே, ஒண்ணும் ஆகாது" என்றார் இன்ஸ்பெக்டர். அதோடு விடாமல் விசிலை ஊதிக்கொண்டு முன்னால் ஓடி, ஜனத்தை இரண்டு பக்கமும் ஒதுக்கி, வண்டிக்கு வழி பண்ணிக் கொடுத்தார்.

வண்டி பாலத்தில் ஏறியது. அருள்நாதன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அம்மாகிட்ட கொண்டாந்துட்டோம்க்கா" என்றான் மெதுவாக. சின்னையாவுக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை.

பாதிப் பாலத்தில் நெல் வண்டி ஒன்றின் அச்சு முறிந்து கிடந்தது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. கீழே காவிரி பாதி மணலும் பாதித் தண்ணீருமாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. அருள்நாதன் இறங்கிப் போய் வண்டிக்காரனைச் சத்தம் போட்டான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். அப்பாவின் உடம்பு தோளில் கனத்தது. அந்தக் கனம் வேறு மாதிரி மாறிக்கொண்டு வருவதை லூர்துராணி உணர்ந்தாள்.

"ஐயோ, வாயில வழியுதே" என்றார் சின்னையா. அவள் குனிந்து பார்ப்பதற்குள் தன் தோள் துண்டை எடுத்து, பின்னால் எட்டி, பெற்ற தகப்பனுக்குத் துடைப்பதுபோல அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டு முன்னால் திரும்பினார். அவர் நெற்றியிலும் வேர்வை. அதே துண்டு அவர் முகத்தை நோக்கிப் போயிற்று.

லூர்துராணியின் கை முந்திக்கொண்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதீங்க. கீழ போட்டுடுங்க. அப்பா செத்துட்டார். வாந்திபேதி."

சின்னையா துண்டைப் போட்டார். தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "எம் பொண்ணுக்கு ரெண்டு வயசு டீச்சர்" என்றார். "சாப்பாட்டுக்குப் போறப்ப வண்டியிலேருந்து எறங்கினதும் தூக்குவேன்."

அருள்நாதன் ஓடி வந்தபோது அவள் கதவைத் திறந்து அப்பாவை மெல்லச் சீட்டில் கிடத்திவிட்டு இறங்கியிருந்தாள். என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் புடவையைப் பிடித்து இழுத்தான். அவன் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த அக்கா. அப்படி அவன் இழுத்ததில்லை.

"பந்தலைத் தாண்டிட்டோம்க்கா. யாருமே கேக்கல. கேக்காதப்ப நீ ஏன் சொல்லணும்?"

"கேக்காததுனாலதான்."

"அம்மா அங்க ஒண்டியாக் கெடக்கட்டும், அப்படித்தானே? அந்தக் கொழந்தைக்கு அவரு பண்ணினதையே நீ அவருக்குப் பண்றே."

அது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் நடந்தாள். எதிரே வந்த ஜனத்தோடு சேர்ந்து, ஸ்ரீரங்கத்தின் பக்கமாக, வந்த வழியே நடந்தாள். கீற்றுப் பந்தலில் இன்ஸ்பெக்டர் யாருக்கோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "என்னம்மா, பெரியவருக்கு ஏதாவது தண்ணி கிண்ணி வேணுமா?" என்று எழுந்தார். அந்தக் கேள்விக்கு நடுவில் அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

டாக்டர் ஜீப்பில் வந்தார். நெல் வண்டியை ஒதுக்கிய பிறகு திருப்பிக் கொண்டுவந்து பாலத்தடியில் புளியமர நிழலில் நிறுத்தியிருந்த டாக்சிக்குள் குனிந்து அப்பாவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். விரல் தோலைக் கிள்ளிப் பார்த்தார். எத்தனை தடவை போயிற்று, என்ன நிறம் என்று கேட்டார். இருதயக் கோளாறு உண்டு என்று அருள்நாதன் பத்து தடவை சொன்னான். பழைய மருந்துச் சீட்டைக்கூடக் காட்டினான்.

"இருதயமாவும் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்'ங்கிறதை வச்சிக்கிட்டு நான் பாலத்தைத் தாண்டி விட முடியாதே சார்" என்றார் டாக்டர். அவர் குரலில் அதிகாரம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். டாக்சியின் சீட்டைக் கழற்றிப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். துண்டையும் மப்ளரையும் கோட்டையும் தொப்பியையும் சாலையோரத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். ஷூவை அவள் கழற்றப் போனபோது அது எளிதாக வந்துவிட்டது. அருள்நாதன் ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்க்காமல் பாலத்தின் மேல் நடந்து போனான். இடுகாட்டுக்கு வரவில்லை.

ஆற்றங்கரையில் இரண்டு நகராட்சி ஆட்களும் அவளும்தான் இருந்தார்கள். ஓலைப்பாயில் சுற்றி இறக்கினார்கள். கூடை கூடையாகச் சுண்ணாம்பைக் கொட்டியபோது வெள்ளைப் புகை எழுந்து கண்ணைக் கரித்தது. பரமண்டல மந்திரத்தை உரக்கச் சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்து போயிற்று. தினம் மூன்று வேளை சொல்கிற மந்திரம். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, மணலில் உட்கார்ந்து, ஒப்பாரி தெரியாத டீச்சரம்மா ஒப்பாரிபோல அழுதாள். அந்த ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவள் முடிக்கும்வரை நின்றார்கள். அப்பாவுக்காகவா, அம்மாவுக்காகவா, அந்தக் கப்பல்காரிக்காகவா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் காலை, ஊசி போட்ட சீட்டைக் காட்டிவிட்டு லூர்துராணி பாலம் தாண்டினாள். தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பதாகத் தம்பி மனைவி டோரதி வாசலில் நின்றே சொன்னாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடைக்கலராஜ் வெட்டச் சொன்ன குழி அப்படியே திறந்து கிடந்தது. அம்மாவின் கல்மேல் அருள்நாதன் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

குழி வெட்டுகிற செபஸ்தியான் மண்வெட்டியோடு நின்றிருந்தார். தோண்டிய குழியை வெறுமனே மூடினால் அது அதே வீட்டில் இன்னொருவரைக் கேட்கும் என்பது அவர் தகப்பன் காலத்திலிருந்து வருகிற கணக்கு. யாருக்கு வெட்டினதோ அவர் நீளத்துக்கு ஒரு வாழைமரத்தை வெட்டிப் படுக்க வைத்து மூட வேண்டும். சாமியாரிடம் கேட்டதற்கு, தனக்கு இன்றைக்கு அந்தப் பக்கம் வேலையில்லை என்று சொல்லிவிட்டாராம். குலை தள்ளாத மரம் ஒன்றைச் செபஸ்தியான் எங்கிருந்தோ சாய்த்துக் கொண்டுவந்து போட்டிருந்தார். அடி வெட்டிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது.

"பெரியவரு உசரம் என்னா இருக்கும்?" என்று கேட்டார்.

அப்பாவை யார் அளந்து பார்த்தார்கள்? லூர்துராணி கையைத் தூக்கிக் காற்றில் ஓர் உயரம் வைத்துப் பார்த்தாள், அது சரியாக இல்லை என்று இறக்கிவிட்டாள்.

அருள்நாதன் எழுந்து வந்தான். வாழைமரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். "நானும் அப்பாவும் ஒரே உசரம்" என்று செபஸ்தியானிடம் சொன்னான். பிறகு, நேற்றுப் பாலத்திலிருந்து முதல் தடவையாக, அக்காவைப் பார்த்தான். "சரியா இருக்கா பாரு."

செபஸ்தியான் அரிவாளை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். லூர்துராணி அவரைக் கையமர்த்தினாள். தம்பியின் அருகில் போய், ஆபீசில் குனிந்து குனிந்து வளைந்து போயிருந்த அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்பா கூன மாட்டார். நிமிந்து நில்லு."

அவன் நிமிர்ந்தான். செபஸ்தியான் அவன் தலைக்கு மேல் மரத்தில் அரிவாள் நுனியால் ஒரு கோடு கிழித்தார்.